ஒட்டுமுள் தேடி வந்த வீடு

ஆடி பிறந்த நாலாம் நாள், வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாமலும் இருந்த நேரத்தில், சிவந்தான்குடியிருப்பில் கிடந்த ஒட்டுமுள் அத்தனையும் பட்டுக்கனி வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. சேலைக் கரையில் ஒட்டியிருந்தது, ஆட்டு வாலில் சிக்கியிருந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பாவாடை மடிப்பில் ஒளிந்திருந்தது, பாயில் கிடந்து முதுகைக் குத்தியது, குதிகாலுக்குள் ஒடிந்து சீழ் கட்டியிருந்தது என்று எல்லா முள்ளும் இருந்த இடத்தைவிட்டுக் கழன்று தரையில் இறங்கி, குத்துக் குத்தாக உளுந்தை அளைவதுபோல ஒரு சத்தத்தோடு தேரி என்று சொல்கிற செம்மணல் காட்டில் உருண்டு, பஞ்சாயத்துக் குழாயைத் தாண்டி, தெருமுனையில் திரும்பி, வேலிக்கு அடியில் நுழைந்து, வீடு தெரிந்து திரும்பும் ஆடுகளைப்போல அவள் முற்றத்தில் வந்து படுத்துக்கொண்டது.

வாசல் தெளிக்க வாளியோடு வந்த பட்டுக்கனி அதைப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது. யாரும் எழுந்திருப்பதற்குள் கூட்டி அள்ளிவிட வேண்டும் என்று விளக்குமாற்றைத் தேடி ஓடினாள். ஆனால் அதற்குள் தெருவில் ஆள் பேச்சு கேட்டது. கால் வலி திடீரென்று நின்றுபோன சனங்கள், மணலில் முள் உருண்ட தடத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

முள் ஏன் தன் வீட்டுக்கு வந்தது என்று பட்டுக்கனிக்குத் தெரியும். அந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் வானம் ஏமாற்றிய வருஷம். தேரியில் ஒரு பச்சை கிடையாது. ஊரில் ஆடு வைத்திருந்தவர்கள் எல்லாம் வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது, பட்டுக்கனி மட்டும் தன் செம்மறிகளை விற்க மாட்டேன் என்று நின்றாள். புருஷன் பம்பாயில் ஒரு மளிகைக் கடையில் இருந்தான். வருஷத்துக்கு ஒருதரம் வருவான். ஆடும் அவளும்தான் வீடு. எங்கேயோ வடக்கே போய், யார் யாரிடமோ விசாரித்து, ஒரு லாரி நிறையக் காய்ந்த புல்லுக்கட்டு கொண்டுவந்து இறக்கினாள். இறக்கிய அன்று தெருவே கூடி நின்று பார்த்தது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "புத்தி இருந்தா ஆட்ட ஏன் விக்கணும்? நாலு எடம் போயி வந்தாத்தான தெரியும்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். முந்தின நாள்தான் ஆட்டை விற்றுவிட்டு அழுத மூன்று பெண்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

மறுநாள் ஆடுகளின் வாயில் ரத்தம். உதடு கிழிந்து, நாக்கில் புண் வைத்து, தீனியைக் கண்டால் பின்வாங்கின. கட்டைப் பிரித்துப் பார்த்தாள். புல்லோடு புல்லாக முள் உருண்டைகள், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, சுற்றிலும் ஊசி. ஒன்றைப் பிடுங்கினால் விரலில் ஏறியது. அந்த விரலிலிருந்து எடுத்தால் மற்ற விரலில் ஏறியது. அத்தனையையும் எரித்திருக்க வேண்டும். ஆனால் ஒரு லாரிப் புல் எரிந்தால் புகை தேரிக்கு மேலே நிற்கும், ஏன் எரிக்கிறாய் என்று ஊர் கேட்கும், அந்த மூன்று பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதனால் தினமும் மத்தியானம் ஊர் உண்ட மயக்கத்தில் கிடக்கும் நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு கட்டாகத் தலையில் சுமந்துபோய், பள்ளிக்கூட மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் மணல்மேட்டில் தட்டிவிட்டு வந்தாள். பதினேழு நாள் ஆனது. ஆடுகள் புல்லைத் தின்று தீர்த்துவிட்டன என்று ஊர் நம்பியது. பிறகு காற்று மாதம் வந்தது. அதன் பிறகு மழையும் வந்தது.

அடுத்த வருஷம் மைதானத்தில் பச்சைப் பசேலென்று ஒரு புல். ஊர் சந்தோஷப்பட்டது. கதிர் முற்றியதும் அதுவே ஒட்டுமுள் ஆனது. பிள்ளைகள் மைதானத்துக்குப் போவதை விட்டார்கள். உலர்த்திய துணியில் முள், தலையணையில் முள், பசுவின் மடியில் முள். எந்த வீட்டிலும் ராச்சாப்பாட்டுக்கு முன்னால் ஒருவர் காலை இன்னொருவர் மடியில் போட்டு ஊக்கால் தோண்டிக்கொண்டிருப்பார்கள். தோண்டிய இடம் பழுத்தது. தாலுகா ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் முகத்தைப் பார்க்காமலே, "சிவந்தான்குடியிருப்பா? கால் புண்தானே?" என்பார்.

இதில் பெரிய அடி வாங்கினவள் சுடலைவடிவு. பட்டுக்கனி வீட்டுக்கு எதிர்வீடு, இரண்டு வயது மூத்தவள். அங்கன்வாடியில் ஆயா. காலையில் தெருத்தெருவாக நடந்து, வீடு வீடாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, முன்னால் இரண்டு, பின்னால் பத்து என்று வாத்துக்கூட்டம் போலக் கூட்டிக்கொண்டு போவாள். அவளுக்குச் சர்க்கரை இருந்தது. பாதத்தில் உணர்ச்சி மழுங்கிப்போனதால் குதிகாலில் முள் ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பட்டுக்கனி எட்டு நாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று வடிவு வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம் சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் பட்டுக்கனி வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள் முற்றத்தில்தான் அந்த வெள்ளிக்கிழமை முள் வந்து கிடந்தது.

முதலில் வந்தது பஞ்சாயத்துத் தலைவர் ஞானதிரவியம். செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். மூன்று வருஷமாக அந்த ஊரில் வெளியே ஒருவரும் செருப்பைக் கழற்றியதில்லை. முற்றத்து முள்ளையும் பட்டுக்கனியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஊரு முள்ளையெல்லாம் அம்மா தன் வாசலுக்கு இழுத்துக்கிட்டாவ" என்றார். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. பின்னால் நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆட்டை விற்று அழுத மூன்று பெண்களில் ஒருத்தி முதல் ஆளாகக் காலில் விழுந்தாள்.

பட்டுக்கனி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் விழுந்தவளின் தலைமுடி தன் பாதத்தில் பட்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அன்று முதல் தினமும் விடியலில் முள் வந்தது. பகலில் காட்டிலும் மேட்டிலும் புதிதாக ஒட்டியதெல்லாம் மறுநாள் விடியலில் கழன்று அவள் வாசலுக்கு வரும். அவளை மட்டும் அது குத்தவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே வெறுங்காலோடு அதன்மேல் ஏறி நின்றாள். ஊசியெல்லாம் பூனைமயிர் போல வளைந்து கொடுத்தன. அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள், அம்மா ஊருக்காக அழுகிறாள் என்று சொல்லித் தாங்களும் அழுதார்கள்.

ஊர் அந்த அதிசயத்தை மூன்றே வாரத்தில் பழகிக்கொண்டது. டீக்கடை பெஞ்சு இரண்டு அவள் வேலியோரம் நகர்ந்து வந்தது. பஞ்சாயத்து முற்றத்தில் பந்தல் போட்டு ஒரு தண்ணீர் டிரம் வைத்தது. மினிபஸ் கண்டக்டர் "முள்ளம்மா வீடு, முள்ளம்மா வீடு எறங்கு" என்று கூவத் தொடங்கினார். அம்மன்புரத்திலிருந்தும் பரமன்குறிச்சிப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒட்டுமுள் இல்லாதவர்கள் கருவேல முள்ளோடு வந்தார்கள், தொண்டையில் மீன்முள் சிக்கியவர் ஒருவர் வேனில் வந்தார், மருமகள் தனக்கு முள்ளாக இருக்கிறாள் என்று ஒரு அம்மாள் வந்தாள். அதெல்லாம் கழலவில்லை. கழலாததற்கு வந்தவர்களின் நம்பிக்கைக் குறைவுதான் காரணம் என்று டீக்கடையில் விளக்கம் சொல்லப்பட்டது. வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்து, முள்ளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, முள் நடந்து வந்ததைப் பற்றி எதுவும் கேட்காமல், "இதுக்குள்ள விதை இருக்கு. வந்ததை அன்னன்னைக்கு எரிச்சிருங்க. செடியைக் கதிர் வர்றதுக்கு முன்னாடியே வேரோட பிடுங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பிளக்ஸ் வைத்தார்கள். அதில் பட்டுக்கனியின் முகம் லாரிச் சக்கரம் அளவுக்கு இருந்தது. வாக்காளர் அட்டையிலிருந்து எடுத்த படம், திருடியைப் போல முழித்துக்கொண்டிருந்தாள். ஆடு ஓட்டிப் போகும்போதெல்லாம் அந்த முகத்துக்குக் கீழே நடந்துதான் போக வேண்டியிருந்தது.

அவள் தலை குனிந்ததை அடக்கம் என்றார்கள். பேசாமல் இருந்ததை மௌன விரதம் என்றார்கள். சோறு இறங்காமல் மெலிந்ததை நோன்பு என்றார்கள். பிளக்ஸை எடுத்துவிடச் சொல்லித் தலைவரிடம் கெஞ்சியபோது, அவர் கண்கலங்கி, "இந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்?" என்று சொல்லி இன்னொன்று வைத்தார். மேலத்தெருவில் பிறந்த பெண்குழந்தைக்குப் பட்டுக்கனி என்று பெயர் வைத்து, மடியில் கொண்டுவந்து போட்டார்கள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஊரில் அத்தனை பேருக்கும் முள் கழன்றுகொண்டிருக்க, அவளுக்குள் மட்டும் நாளுக்கொன்று ஏறிக்கொண்டிருந்தது.

ஊரே வந்துபோன பிறகு, ஆவணி முதல் வெள்ளிக்கிழமை, சுடலைவடிவு வந்தாள். எதிர்வீடுதான், ஆனாலும் ஊன்றுகோல் இரண்டும் மணலில் புதைந்து புதைந்து அவள் தெருவைக் கடந்து வருவதற்குக் கூட்டம் முழுக்க எழுந்து நின்று வழிவிட வேண்டியிருந்தது. பந்தலுக்குக் கீழே ஸ்டூல் போட்டார்கள். உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"ஏளா பட்டு, எல்லாரு முள்ளையும் எடுக்கியாமே. எனக்கும் ஒண்ணு இருக்குளா."

"எங்கக்கா?"

வடிவு தன் வலது முழங்காலுக்குக் கீழே, ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டினாள்.

"இங்கனதான். குதிகால்ல. வெட்டி எடுத்த கால எங்க கொண்டு போட்டாவளோ, முள்ளு மட்டும் போவல. இங்கனயே நிக்கி. ராவு பகலு இல்லாம குத்துது. டாக்டருகிட்ட சொன்னா, இல்லாத காலு எப்படிம்மா வலிக்கும், அது மனசுதான்னு சொல்லுதாரு. மனசுல இருந்தாலும் முள்ளு முள்ளுதான. எல்லாருக்கும் தன்னால கழண்டுச்சு, எனக்குக் கழலல. ஒன் கையால எடுத்து வுடு."

சொல்லிவிட்டு, தொடையைத் தூக்கி, இல்லாத பாதத்தைப் பட்டுக்கனியின் மடியில் வைத்தாள்.

பட்டுக்கனி வேறு வழி தெரியாமல், காற்றில் கையை நீட்டினாள். கையில் ஒரு குதிகால் தட்டுப்பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. தெருத்தெருவாக நடந்து காய்த்த தோல், ஓரத்தில் பித்தவெடிப்பு, நடுவில் ஒரு சின்ன வீக்கம். வீக்கத்தின்மேல் விரல் போனதும் சுருக்கென்று ஏறியது. பெருவிரல் நுனியில் ரத்தம் பொட்டு வைத்து நின்றது. அத்தனை நாளில் அவளை எதுவும் குத்தியதில்லை, அது குத்தியது. அவள் நகத்தால் பற்றி இழுத்தாள். வரவில்லை. மறுபடியும் இழுத்தாள். வடிவு உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர காலை உருவவில்லை. மூன்றாம் தடவை இழுக்கப் போன பட்டுக்கனி கையை எடுத்துக்கொண்டாள்.

"யக்கா, இது நான் போட்ட முள்ளு."

தலைவர் சட்டென்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அம்மாவுக்கு அருள் வந்துட்டு. ஊரு பாவத்தத் தன் பாவம்னு சொல்லுதாவ."

பெண்கள் குலவையிட்டார்கள்.

"அருளும் இல்ல, மயிரும் இல்ல!" பட்டுக்கனி கத்தினாள். "நான் லாரில எறக்குன புல்லு. ஆடு திங்கல. ஆட்டு வாயெல்லாம் ரத்தம். பதினேழு நாளு, தெனம் மத்தியானம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால மேட்டுல கொண்டு தட்டுனேன். போட்டவ வீட்டத் தேடித்தான் அது தெனம் வருது. என்னயக் கும்புடாதீய. எல்லாரும் எந்திச்சுப் போங்க."

குலவை பாதியில் நின்றது. வேலியோரம் டீ கிளாஸ் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

வடிவு காலை அவள் மடியிலிருந்து எடுக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"எரிச்சிருக்கலாம்ல?"

"பொக வந்தா எல்லாரும் கேப்பாவ. ஏமாந்துட்டேன்னு சிரிப்பாவன்னு..."

"சிரிச்சிருப்போம்" என்றாள் வடிவு. "நானும்தான் சிரிச்சிருப்பேன். ஒரு வாரம் சிரிச்சிருப்போம். அவ்வளவுதான்ளா."

பட்டுக்கனியால் நிமிர முடியவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு சாத்துக்குடி வாங்கிட்டு வந்தியே, அப்பம் தெரியுமா?"

"தெரியும்."

"எட்டு நாளு கீழ கெடந்து, என் பீத்துணி அலசுனியே. அப்பமும்?"

"அப்பமும் தெரியும்க்கா."

"அதச் செய்யாம இருந்திருக்கலாம் நீ" என்றாள் வடிவு. "புல்லப் போட்டதக்கூட விட்டுரலாம். ஒன்னய மாதிரி ஒருத்தி உண்டுமான்னு ஊரெல்லாம் சொன்னனே. அந்த வார்த்தைய நான் எங்க போயித் திரும்பப் பொறுக்க?"

மடியிலிருந்த கனம் விலகியது. ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தவள், பந்தல் கால் பக்கம் நின்று, முகம் திரும்பாமலே சொன்னாள்: "இனி இங்க முள்ளோட வாரவுககிட்டல்லாம் நீயே சொல்லணும். மொதல்லருந்து. ஒண்ணையும் விடாம."

அன்று சாயங்காலத்துக்குள் பந்தல் பிரிக்கப்பட்டது. யாரும் ஏசவில்லை. ஏசினால், கும்பிட்டதும் காலில் விழுந்ததும் பேச்சில் வரும் என்று எல்லோருக்கும் பயம். பிளக்ஸ் எப்போது போனது என்று தெரியவில்லை. பிறகு ஒருநாள் தலைவர் வீட்டுக் கோழிக்கூண்டின்மேல் பின்பக்கமாகத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. மினிபஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்தில் விசிலை மட்டும் ஊதினார். மேலத்தெருக் குழந்தைக்கு வேறு பெயர் வைத்தார்கள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு போனார்கள்; அதில் கோபத்தைவிடக் கூச்சம்தான் அதிகமாக இருந்தது.

சொன்னால் முள் நின்றுவிடும் என்று பட்டுக்கனி எங்கேயோ ஒரு மூலையில் நம்பியிருந்தாள். நிற்கவில்லை. மறுநாள் விடியலிலும் வந்தது. வெளியூர் ஆட்களும் வந்தார்கள், விஷயம் தெரியாமல், பூவும் பழமுமாக. அவர்களை உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னாள். வானம் ஏமாற்றிய வருஷம், லாரி, இடுப்பில் கை வைத்துப் பேசிய பேச்சு, பதினேழு மத்தியானம், சாத்துக்குடி. சிலர் பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் வாசலில் துப்பினார். சிலர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியும் கும்பிட்டார்கள். அவர்களைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நூறு தடவை சொன்னால் வார்த்தை தேய்ந்து, வெட்கமும் தேய்ந்துபோகும் என்று நினைத்தாள். சாத்துக்குடி என்று சொல்ல வரும்போது ஒவ்வொரு தடவையும் நாக்கு வறண்டது.

முற்றத்து முள்ளை விடியலில் அள்ளி, குழிவெட்டி எரித்தாள். இப்போது அந்தப் புகையை ஊரே பார்த்தது. பிறகு சாக்கையும் களைக்கொத்தியையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய், கதிர் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு தூராகப் பிடுங்கினாள். முதல் வருஷம் தனியாகத்தான் பிடுங்கினாள். இரண்டாம் வருஷ மழைக்குப் பிறகு ஒருநாள், ஆட்டை விற்ற மூன்று பெண்களும் சாக்கோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் மறுகோடியில் உட்கார்ந்து பிடுங்கத் தொடங்கினார்கள். மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது அவர்களில் ஒருத்தி அவளைப் பார்த்து, "லாரி நெறையவாளா எறக்குன?" என்று கேட்டாள். "லாரி நெறைய" என்றாள் பட்டுக்கனி. அந்தப் பெண் கஞ்சி புரையேறும்வரை சிரித்தாள். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். பட்டுக்கனி காதுமடல் எரிய, தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சிரிப்பை முழுசாக வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், அது ஒரு கஞ்சி குடிக்கிற நேரம்கூட நீடிக்கவில்லை.

வருஷத்துக்கு வருஷம் விடியலில் வருகிற முள் குறைந்தது. குவியலாக வந்தது முறம் அளவானது, முறம் கைப்பிடியானது. ஆறாம் வருஷம் பங்குனியில் ஒருநாள் ஒரே ஒரு முள் வந்தது. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வாசல் வெறும் வாசலாகக் கிடந்தது. பட்டுக்கனிக்கு நிம்மதிக்குப் பதிலாகப் பயம்தான் வந்தது. காட்டுவதற்கு இனி எதுவும் இல்லாமல், மனசுக்குள் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி நடமாடுவது என்று தெரியவில்லை.

அந்த ஆறு வருஷத்தில் வடிவு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறக்கும், அடைக்கும். அவ்வளவுதான்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் பட்டுக்கனி கடைசியாக ஒருதரம் தேடிப் பார்க்கலாம் என்று மைதானத்துக்குப் போனாள். பிள்ளைகள் வெறுங்காலோடு கபடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் ரப்பர் செருப்போடு ஓரத்திலேயே நின்றாள். உள்ளே கால் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. பின்னால் மணல் நெரிகிற சத்தம் கேட்டது. வடிவு ஊன்றுகோலோடு வந்து, அவளுக்கு நாலடி தள்ளி நின்றாள். இருந்த ஒரு காலில் செருப்பு இல்லை.

இரண்டு பேரும் கபடியைப் பார்த்தார்கள்.

"இன்னும் குத்துதாக்கா?" என்று பட்டுக்கனி கேட்டாள். கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

"குத்தத்தான் செய்யுது."

மேட்டுக்கு அந்தப் பக்கம் வெயில் இறங்கியது. பிள்ளைகள் ஒருவன்மேல் ஒருவன் விழுந்து உருண்டார்கள்.

"செருப்பக் கழத்து" என்றாள் வடிவு.

பட்டுக்கனி கழற்றினாள். மணல் பகல் சூட்டை இன்னும் வைத்திருந்தது. வடிவு ஊன்றுகோலை முன்னால் ஊன்றி, மைதானத்தின் குறுக்கே மணல்மேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். மணலில் ஒரு பாதமும், பக்கத்துக்கு ஒரு குழியுமாகத் தடம் விழுந்துகொண்டே போனது. அந்தத் தடத்தை மிதித்துவிடாமல் ஒதுங்கி ஒதுங்கிப் பட்டுக்கனி பின்னால் நடந்தாள். வடிவு ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வேகமாகவும் நடக்கவில்லை.